பெருந்தொற்றுக் காலத்தில் எதிர்ப்பாற்றல் குன்றியோர் வாழ்க்கை

மலையை அரண் என்று போற்றுவது நம் முன்னோர் மரபு. திருவள்ளுவனாரும் பொருட்பாலில் ‘அரண்’ என்றோர் அதிகாரம் வகுத்து, நீர், நிலம், காடு என்பவற்றோடு மலையையும் அரணாக எண்ணி வைத்தார். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று நாடெங்கும் பரவத் தொடங்கியபோது, சேர்வராயன் மலைமீது நாகலூரில் வாழும் எம்மவரும் அவ்வாறே எண்ணி ஆறுதலுற்றனர். சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே மேலும் சென்று சேரவேண்டிய ஊருக்கு நோய் எங்ஙனம் ஏறி வரும் என்று பெரியோர் பலர் கூறக் கேட்டோம்.

எம் சிற்றன்னையார் மட்டும் அங்ஙனம் கூறினாரில்லை. அவர்தம் உடலினுள் இருந்த அரண், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, மருத்துவர்களால் வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டிருந்தது. அவ்வாறு தாழ்த்துவது எதன் பொருட்டு, அந்நிலையில் உள்ளோர் பெருந்தொற்றுக் காலத்தில் தம் நாட்களை எவ்வாறு நடத்தினர், அவர்பால் நமக்குள்ள கடமை யாது என்பவற்றை இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் குருதியில் ஓடும் வெள்ளணுக்களே உடலின் காவலர். அவற்றுள் நிணவணுக்கள் என்பன இரு பெரும் பிரிவினவாய் நின்று தொழில் புரிகின்றன. ஒரு பிரிவைச் சார்ந்தவை, புகுந்த கிருமியைப் பற்றிப் பிணிக்கும் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. மற்றொரு பிரிவைச் சார்ந்தவை, கிருமி புகுந்துவிட்ட அணுக்களையே தேடி அழிக்கின்றன. ஒருமுறை கண்ட பகையை நெடுநாள் நினைவில் வைத்திருந்து, அது மீண்டும் வருங்கால் விரைந்து எதிர்ப்பதும் இவற்றின் இயல்பு. அந்நினைவை நோய் வருவதற்கு முன்னரே ஊட்டி வைப்பதுதான் தடுப்பூசியின் வேலை.

இவ்வாற்றல் எல்லோர்க்கும் ஒரு படித்தாய் அமைவதில்லை. பிறவியிலேயே இக்குறையுடையார் சிலர். எச்.ஐ.வி. கிருமியால் நிணவணுக்களை இழந்தோர் சிலர். புற்றுநோய்க்காக மருந்தேற்றம் பெறுவோர்க்கு, அம்மருந்து தீய அணுக்களோடு காவலணுக்களையும் ஒருங்கே அழித்துவிடுகின்றது. முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரும், சிறுநீரகம் செயலற்று டயாலிசிஸ் சிகிச்சையில் இருப்போரும் இவ்வினத்தவரே.

பிறருடைய உறுப்பைத் தாங்கி வாழ்வோர் நிலை இவற்றுள் தனித்தன்மையுடையது. இந்நாட்டில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முதன்முதலாக வெற்றியுற நடந்தது 1971ஆம் ஆண்டில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாகும். 2008ஆம் ஆண்டு முதல் மூளைச்சாவுற்றோரின் உறுப்புக்களைப் பெற்று வழங்கும் திட்டமும் தமிழ்நாட்டில் நடைபெற்று வருகின்றது. எம் சிற்றன்னையார்க்கு 2018ஆம் ஆண்டில் தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்தவர் அவரைப் பெற்ற தாயார், எம் பாட்டியார். ஈன்ற தாயின் உறுப்பேயாயினும் மகளின் காவலணுக்கள் அதனை அயலார் பொருளென்றே கருதித் தாக்க முற்படும். ஆகவே அக்காவலை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் முதலிய மருந்துகளை நாள்தோறும் குறித்த நேரத்தில், அவ்வுறுப்பு உடலில் இருக்குமளவும் உட்கொள்ளல் வேண்டும். சில நாள் விட்டாலும் உறுப்பு கெடும். விடாது உண்டாலோ புறத்திலிருந்து வரும் கிருமிக்கு வாயில் திறந்து கிடக்கும். பெருந்தொற்று வந்தபோது இத்தகையோர் நின்ற இடம் இவ்விரண்டுக்கும் நடுவேதான்.

முதலாவது இடர் மருந்து பெறுதலிலேயே தோன்றியது. 2020 மார்ச்சு 24ஆம் நாள் மாலை முதல் தமிழ்நாட்டில் பேருந்துகள் நின்றன. மாதந்தோறும் மலையிறங்கிச் சேலம் சென்று குருதியைச் சோதித்து மருந்து வாங்கி வந்தவர்க்கு அவ்வழி அடைபட்டது. எம் சிற்றப்பா மருத்துவச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் இறங்குவார். வழியிலுள்ள காவற்சாவடியில் அதனைக் காட்டி விடைபெற்றுச் செல்வார். அவர் திரும்பும் வரையில் பாட்டியார் மாத்திரைகளை எண்ணி எண்ணி வைத்திருந்ததை யாம் கண்டிருக்கின்றோம். எஞ்சியவை பதினொன்று என்றால் அவ்வீட்டில் அன்று வேறு பேச்சு எழாது. இவ்விடரை உணர்ந்தே எச்.ஐ.வி. நோயாளர்க்குப் பல மாதங்களுக்குரிய மருந்தை ஒருசேர வழங்கும் முறை அக்காலத்தில் கைக்கொள்ளப்பட்டது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டமும், நீரிழிவு, குருதியழுத்தம் ஆகியவற்றிற்கான மருந்துகளோடு, வயிற்றறை வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கு வேண்டிய நீர்ப்பைகளையும் வீட்டிற்கே கொண்டு சேர்க்க வழி செய்தது.

இனி, அன்றாட வாழ்வைக் கூறுவாம். இந்நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவுவது. அடைத்த அறையில் நோயாளர் ஒருவர் விட்ட மூச்சு, அவர் எழுந்து சென்ற பின்னரும் சிறிது நேரம் அங்கேயே தங்கி நிற்கும். நாகலூரிலோ பனியும் சாரலும் மிக்க நாட்களில் சன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு அடுப்பினருகே எல்லோரும் நெருங்கி அமர்வதே வழக்கம். அவ்வழக்கமே பகையாயிற்று. சிற்றன்னையாரின் அறைச் சன்னல்கள் மார்கழிக் குளிரிலும் திறந்தே இருந்தன. அவர் இரண்டு கம்பளிகளைப் போர்த்தியிருப்பார். வந்தவர்களைத் திண்ணையில் அமர்த்தி, தாம் முற்றத்தின் மறுபுறத்திலிருந்து பேசுவார். தோட்டத்து வேலை திறந்த வெளியில் நிகழ்வதாகலின் அதில் அச்சம் குறைவு. ஆட்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் வண்டியிலேதான் அச்சம் மிகுதி. ஆதலின் சிற்றப்பா வண்டியேறாது நடந்தே வேலைக்குச் சென்று வந்தார். வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றிய பின்னரே உள்ளே புகுவார். எம் சபையார் சிலர் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அம்முற்றத்தில் தள்ளித் தள்ளி நின்று ஒரு பாட்டுப் பாடிச் செல்வதுண்டு. அவ்வாரம் முழுவதற்கும் அவர் கண்ட கூட்டம் அதுவே.

ஈண்டு ஒரு தவறான கருத்தையும் சுட்டிச் செல்லுதல் தகும். அந்நாட்களில் ‘எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்’ பண்டங்கள் என்று பலவற்றைப் பலரும் பரிந்துரைத்தனர். கபசுரக் குடிநீர் அரசினராலும் வழங்கப்பெற்றது. அன்புடைய அயலார் பலர் தூக்குப் பாத்திரங்களில் கசாயம் கொணர்ந்து தந்தனர். ஆனால் உறுப்பு மாற்றம் பெற்றவர்க்குக் காவலணுக்கள் அடங்கியிருப்பதே வாழ்வாகலின், அவற்றைக் கிளர்த்தும் எதுவும் உறுப்புக்கே கேடாகக் கூடும். மேலும் சில மூலிகைகளும் பழங்களும் மருந்தின் அளவைக் குருதியில் ஏற்றியோ இறக்கியோ விடுகின்றன. பம்பளிமாசுப் பழம் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்தவல்லது என்பது ஆய்வில் கண்ட உண்மை. ஆதலின் மருத்துவரைக் கேளாமல் எதனையும் உண்ணலாகாது. இதனை அறியாதார் சிலர், தாம் கொடுத்ததை அவர் அருந்தவில்லையே என மனத்தாங்கல் கொண்டனர்.

தடுப்பூசி இந்நாட்டில் 2021 சனவரி 16ஆம் நாள் தொடங்கிற்று. மார்ச்சு 1ஆம் நாள் முதல் 60 வயது நிரம்பியோர்க்கும், 45 முதல் 59 வயது வரையுள்ளோருள் குறித்த நோய்களை உடையோர்க்கும் அது கிடைத்தது. உறுப்பு மாற்றம் பெற்றோரும் எச்.ஐ.வி. உடையோரும் அக்குறிப்பில் இடம்பெற்றனர். 45 வயதுக்குக் குறைந்த சிற்றன்னையாரோ, 18 வயது நிரம்பிய அனைவர்க்கும் வழி திறந்த மே மாதம் வரையிற் காத்திருந்தார். ஊசி இட்டுக்கொண்ட பின்னரும் அவர் கவலை முற்றும் நீங்கவில்லை. அமெரிக்க நாட்டில் உறுப்பு மாற்றம் பெற்ற 658 பேரை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட அறிக்கையில், இரண்டு ஊசிகளுக்குப் பின்னும் 54 விழுக்காட்டினரிடத்திலேயே எதிர்ப்பொருள் காணப்பட்டது. அடங்கியிருக்கும் நிணவணுக்கள் பாடத்தைச் செவ்வனே கற்பதில்லை. ஆதலின் ஊசி பயனற்றது என்பது பொருளன்று. ஊசி ஒன்றையே நம்பியிருத்தல் இயலாது என்பதே பொருள். இத்தகையோரைச் சூழ்ந்துள்ளோர் ஊசி இட்டுக்கொள்வதும், நோயுற்றபோது விலகி நிற்பதும் அவர்க்கு வாய்த்த இரண்டாம் மதிலாகும்.

இதனை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2022 சனவரியில் ஓமிக்ரான் என்னும் திரிபு பரவிக்கொண்டிருந்தது. பள்ளி விடுதியிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு நாகலூர் சேர்ந்த யாம், மறுநாளே சிற்றன்னையாரைக் காணச் சென்றோம். முன்னாள் இரவு முதல் எமக்குத் தொண்டையில் சிறிது கரகரப்பு இருந்தது. பனியினால் வந்ததென்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். பல திங்களாகக் காணாதவரைக் காணும் ஆவலும், பாட்டியார் செய்து வைத்திருந்த அதிரசத்தின் மணமும் எம் நாவை அடக்கின. முற்றத்தைக் கடந்து படியில் கால் வைத்தபோது, “வா தம்பி, உடம்பு சுகந்தானே?” என்று உள்ளிருந்து அவர் கேட்டார். அவ்வினாவை எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். விடையை எண்ணிப் பார்த்தது அன்றுதான். “சித்தி, தொண்டை கொஞ்சம் சரியில்லை” என்றோம். அவர் முகக்கவசத்தை அணிந்துகொண்டு, அதிரசத்தை இலையில் வைத்துத் திண்ணை விளிம்பில் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே சென்றார். சன்னல் வழியே, “சொன்னாயே, அது போதும்” என்றார். இரண்டு நாள் கழித்து எமக்கு நோய் உண்டென்று சோதனையில் தெரிந்தது. எமக்கு அது மூன்று நாட் காய்ச்சலாகக் கழிந்தது. அவர்க்கு எவ்வாறு ஆகியிருக்குமோ! படியில் மறைத்திருப்போமாயின் என்று எண்ணும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

2022 மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழா மீண்டும் நிகழ்ந்தது. மலைப்பாதை வண்டிகளால் நிறைந்தது. 2023 மே 5ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் பெருந்தொற்றின் நெருக்கடி நிலை முடிந்ததென அறிவித்தது. அவை மகிழ்தற்குரிய செய்திகளே. எனினும் கிருமி உலகை விட்டு நீங்கவில்லை. சிற்றன்னையாரின் மருந்தும் நிற்கவில்லை. அவர் இன்றும் பேருந்தில் முகக்கவசம் அணிகின்றார். “இன்னுமா இது?” என்று சிரிப்பவர் உளர். ஒவ்வொருவர்க்கும் தம் குருதியின் வரலாற்றை எடுத்துரைக்க அவரால் இயலுமா? கூற விரும்பாத காரணங்களும் பலர்க்கு உண்டு, சிறப்பாக எச்.ஐ.வி. உடையோர்க்கு, காரணத்தைக் கூறுவதே பெருந்துன்பமாக முடிவதுண்டு.

கல்லூரி மாணவராகிய நாம் விடுதியிலும் வகுப்பிலும் ஆலயத்திலும் நெருங்கி வாழ்பவர்கள். நம் பக்கத்து இருக்கையில் இருப்பவர் இத்தகையவரா என்பதை நாம் அறியோம், அறியவேண்டுவதும் இல்லை. காய்ச்சலோ இருமலோ உள்ளபோது அறையில் தங்குதல், முடியாத இடத்து முகக்கவசம் அணிதல், சன்னல்களைத் திறந்து வைத்தல், உரிய ஊசிகளை இட்டுக்கொள்ளுதல், பிறர் முகக்கவசத்தைக் கண்டு காரணம் வினவாதிருத்தல், “உடம்பு சுகமா?” என்று கேட்பார்க்கு மெய்யான விடை கூறுதல் ஆகிய இவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கன.

அரணின் பெருமைகளையெல்லாம் கூறி வந்த வள்ளுவனார், அவ்வதிகாரத்தின் இறுதியில், எத்துணை மாட்சியுடையதாயினும் செயலில் சிறந்தார் இல்லாவிடத்து அரணால் பயனில்லை என்று முடித்தார். மலை எம்மைக் காக்கவில்லை. எம் சிற்றன்னையாரைக் காத்தவர் சன்னலைத் திறந்து வைத்தோரும், நடந்து வேலைக்குச் சென்றோரும், முற்றத்தில் தள்ளி நின்று பாடினோருமே ஆவர். அச்செயல் நம் கல்லூரியிலும் ஓங்குக.