மொன்செகூர் மலையுச்சியிலே

பிரான்சு தேசத்தின் தெற்கே, பிரனீசு மலைச்சாரலிலே, ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரமான கற்குன்றின் உச்சியில் மொன்செகூர்க் கோட்டையின் இடிபாடுகள் நிற்கின்றன. செங்குத்தான பாதையில் மூச்சிரைக்க ஏறினோம். கூரையற்ற மதில்களிடையே காற்று ஒன்றே குடியிருந்தது.

கத்தோலிக்க திருச்சபை கண்டனஞ்செய்த கதார் சமயத்தவர் இங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். 1243 மே மாதத்தில் தொடங்கிய முற்றுகை பத்து மாதங்கள் நீடித்தது. சரணடைந்தோருக்கு 15 நாள் தவணை கிடைத்தது. சமயத்தை மறுதலிப்போர் உயிர் பிழைக்கலாம். சாவு உறுதியென்றறிந்தும், அத்தவணைக்குள் சுமார் இருபதுபேர் புதிதாய்த் தீட்சை பெற்றனர்! 1244 மார்ச் 16இல் இருநூற்றுக்கு மேற்பட்டோர் தீக்கிரையாயினர்.

நாம் தொட்டுப் பார்த்த மதில்களோ அவர்களுடையவை அல்ல. வென்றவர்கள் பின்னர் எழுப்பியவை. ஆயினும், தோற்றவர்களை நினைந்தே மக்கள் இக்குன்றில் ஏறுகின்றனர்.