காட்டுக்கு மேலே பறந்தவர்கள்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுங்கை பெசி பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு விமானத் தளம் இருந்தது நினைவிருக்கும்? 1965-இல் சுபாங் திறக்கும்வரை கோலாலம்பூரின் விமான நிலையமே அதுதான். 2018-இல் விமானப்படையும் அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டது.

அந்தத் தளம் இயங்கிய காலத்தில்தான் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்துப் போர் நடந்தது. அந்த அவசரகாலம் (1948–1960) என்றால் தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு. தித்திவங்சா மலைக்காட்டுக்குள் கதை வேறு. ஓராங் அஸ்லி பழங்குடியினரின் குடியிருப்புகளை ஒட்டி புருக், கெமார், லெகாப், சாபாய் என்று கோட்டைகள் எழுந்தன. சாலை கிடையாது. அரிசியும் மருந்தும் பாராசூட்டில் விழவேண்டும். இல்லையென்றால் பயனியர் என்ற சின்ன விமானம் கொண்டுவந்து இறக்கவேண்டும். அதற்கு ஒரே எஞ்சின். விமானியைத் தவிர நாலு பேர் உட்காரலாம். மெதுவாகப் பறந்து, மிகக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும். ஓடுதளம் என்பது வெட்டித் திருத்திய புல்தரை. சுற்றிலும் மலை நெருக்கும் இடங்களில் கடைசி நிமிடத்தில் மனம் மாறினால் மேலெழும்பித் திரும்ப வழியில்லை.

அந்த விமானிகளைக் கொன்றது பெரும்பாலும் தோட்டா அல்ல, மலையும் மேகமும்தான். காலையில் பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்திருக்கும். அது விலகிய கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறி இடிமேகம் திரளும். நடுவில் கிடைக்கிற சில மணி நேரத்தில், பாராசூட்டில் சரக்குப் போடும் டக்கோட்டா விமானம் குறுகிய பள்ளத்தாக்கில் தாழ்ந்து, வேகத்தைக் குறைத்து, மூட்டைகளைத் தள்ளிவிட்டு மேலேறவேண்டும். வெப்பக் காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைவு. எஞ்சின் ஒன்று திணறினாலும் எதிரே மலை.

1950 ஆகஸ்ட் 25 அன்று டக்கோட்டா கேஎன்630 கிளந்தானில் கம்போங் ஜெனேரா அருகே காட்டில் விழுந்தது. பன்னிரண்டு பேரும் இறந்தார்கள். 2008-இல்தான் எச்சங்களை மீட்டார்கள். 2012-இல் செராஸ் சாலைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களோடு உள்ளூர்க்காரர்களும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம். காலனிப் போரின் நியாயத்தைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு; அது இந்த மரணங்களைச் சின்னதாக்கிவிடாது.

மலாயா விமானப்படை 1958-இல் பெற்ற முதல் விமானமும் காட்டுக்கு ஏற்றதுதான்: ‘லாங் ராஜாவாலி’ என்று பெயரிட்ட ட்வின் பயனியர். அதே ரக விமானம் ஒன்று 1957 டிசம்பரில் லிபியாவில் இறக்கைத் தாங்கி உலோகச் சோர்வால் முறிந்து விழுந்தது. இறந்தவர்களில் ஒருவர், 1933-இல் எவரெஸ்ட்டுக்கு மேலே பறந்த டேவிட் மெக்கின்டயர். ட்வின் பயனியரைத் தயாரித்த நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரும் அவரே.

சின்ன விமானங்களின் விபத்து அத்தோடு முடியவில்லை. சபாவில் 1976 ஜூன் 6 அன்று நோமாட் விமானம் விழுந்து முதலமைச்சர் துன் புவாட் ஸ்டீபன்ஸ் உட்படப் பதினொருவர் மாண்டார்கள். நாசவேலை என்ற பேச்சு தலைமுறை தாண்டியும் ஓயவில்லை. 2023-இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது வேறு: பின்பகுதியில் சுமை அதிகமாகி விமானத்தின் எடைமையம் வரம்பை மீறியிருந்தது. இதைச் சொல்ல நாற்பத்தேழு ஆண்டு எதற்கு? பூட்டி வைத்த கோப்பு வதந்திக்குத்தான் தீனி போட்டது.

சரவாக் மேட்டுநிலத்துப் பாரியோவுக்கு ட்வின் ஓட்டர் விமானத்தில் போகிறவர்களை இன்றும் பெட்டியோடு சேர்த்துத் தராசில் ஏற்றி நிறுக்கிறார்கள்.