கணினி வாயிலில் மனிதன்: 'கப்ச்சா'ச் சோதனையும் அதனைக் கடக்கும் கருவிகளும்

தாம் மனிதரே என்பதை இயந்திரமொன்றுக்கு நிறுவிக் காட்டுமாறு மனிதர் வேண்டப்படுவது இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையவழியாக நிரப்பும் மாணவரும், வங்கிக் கணக்கைப் பார்வையிடும் ஓய்வூதியரும், பயணச் சீட்டுப் பதிவு செய்யும் வணிகரும் கோணலாக எழுதப்பட்ட எழுத்துக்களை வாசித்தோ, ஒன்பது படங்களுள் பேருந்து உள்ளவற்றைத் தெரிந்தோ, 'நான் றோபோ அல்லேன்' என்னும் கட்டத்தில் அடையாளமிட்டோ உள்ளே செல்கின்றனர். 'கப்ச்சா' எனப்படும் இச்சோதனையையும், அதனைக் கடப்பதற்கென உலாவிகளில் இணைக்கப்படும் 'நீட்சி' எனும் சிறு மென்பொருள்களையும் விளக்குவதோடு, யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகரின் நிலையில் நின்று அவற்றை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். வெறுந் தொழினுட்பப் பிரச்சினையாகத் தோன்றும் இது, உழைப்பு, மொழி, உரிமை ஆகிய மூன்றோடும் தொடர்புடையது என்பதே இங்கு எடுத்துக்காட்டப்படுவது.

1. சோதனையின் தோற்றம்

இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை அலன் ரியூறிங் 1950இல் 'மைன்ட்' என்னும் தத்துவ ஆய்விதழில் எழுப்பினார். திரைக்கு அப்பாலிருந்து வரும் எழுத்துமூலமான விடைகளைக் கொண்டு, விடையளிப்பது மனிதரா இயந்திரமா என்பதை மனிதர் ஒருவர் தீர்மானிக்க முயல்வதே அவர் முன்வைத்த சோதனையாகும். அங்கே நீதிபதி மனிதர். அரை நூற்றாண்டின் பின் தோன்றிய கப்ச்சாவில் இவ்வுறவு தலைகீழாகிவிட்டது. வினவுவதும் தீர்ப்பளிப்பதும் இயந்திரம்; கூண்டில் நிற்பவர் மனிதர்.

1997இல் 'அல்ராவிஸ்ரா' என்னும் தேடற்பொறியிற் போலி முகவரிகள் தானியங்கு நிரல்களாற் குவிக்கப்படுவதைத் தடுக்கும்பொருட்டு, உருத்திரிந்த எழுத்துக்களை வாசிக்கச் செய்யும் முறை கையாளப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் 'யாகூ' நிறுவனத்திற்கு எழுந்த இதனையொத்த தேவையை முன்னிட்டு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனுவல் புளும், லூயிஸ் வொன் ஆன், நிக்கலஸ் ஹொப்பர் ஆகியோர் ஜோன் லாங்போர்ட்டுடன் இணைந்து இதற்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தனர். 'கணினிகளையும் மனிதர்களையும் பிரித்தறிவதற்கான, முற்றிலும் தன்னியக்கமான, பொதுவில் அறியப்பட்ட ரியூறிங் சோதனை' என விரியும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களிலிருந்தே கப்ச்சா என்னும் பெயர் உருவாயிற்று. 2003இல் வெளியான அவர்களது கட்டுரையின் வாதம் நோக்கற்பாலது. சோதனை உடைபடாதிருப்பின் பாதுகாப்புக் கிட்டுகின்றது. உடைபடின் செயற்கை நுண்ணறிவின் கடினமான பிரச்சினையொன்று தீர்ந்துவிடுகின்றது. எப்படியாயினும் இலாபமே என்பது அவர்களது முடிபு. ஆயின் அவ்விலாபம் யாரைச் சென்றடைந்தது, அதற்கான விலையை யார் செலுத்தினர் என்பன அக்கணக்கிற் சேரவில்லை.

2. வாயிலிற் பெறப்பட்ட உழைப்பு

2007இல் வொன் ஆனும் அவரது குழுவினரும் 'றீகப்ச்சா'வை அறிமுகப்படுத்தினர். பயனருக்கு இரு சொற்கள் காட்டப்பட்டன. ஒன்றின் விடை முன்னரே அறியப்பட்டது. மற்றையது பழைய அச்சுப் பக்கங்களைக் கணினியாக்கும்போது எழுத்துணரி மென்பொருளால் வாசிக்க இயலாது போனது. முதற் சொல்லைச் சரியாகத் தட்டியவர் இரண்டாவதையும் சரியாகவே வாசித்திருப்பார் எனக் கொண்டு, பலரது விடைகள் ஒப்பிடப்பட்டுச் சொல் துணியப்பட்டது. 'நியூ யோர்க் ரைம்ஸ்' நாளிதழின் பழைய தொகுதிகள் இவ்வாறு எண்ணிமமாயின. 2009இல் கூகிள் நிறுவனம் இதனை வாங்கியது. பின்னர் வீதிக் காட்சிப் படங்களிலுள்ள வீட்டு இலக்கங்களை வாசிப்பதும், வாகனங்களையும் பாலங்களையும் இனங்காண்பதும் பயனரின் வேலையாயின. உலகில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லியன் கப்ச்சாக்கள் தட்டப்படுகின்றன என்றும், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி செல்வதால் நாளாந்தம் 5 இலட்சம் மணித்தியாலம் செலவாகின்றது என்றும் வொன் ஆன் 2011இல் ஆற்றிய உரையொன்றிற் கணக்கிட்டார்.

இக்கணக்கு யாழ்ப்பாணத்து வாசகரை வேறொரு விதத்திலும் சிந்திக்கச் செய்யும். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. எஞ்சிய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் வீடு வீடாகத் தேடி மின்னுருவாக்கும் பணி 2005 முதல் 'நூலகம்' திட்டத்தினால் மேற்கொள்ளப்பட்டு வருகின்றது. அப்பக்கங்களுட் பெரும்பாலானவை படங்களாகவே உள்ளன. அவற்றிலுள்ள சொற்களைத் தேடிக் காணும் வசதி பழைய தமிழ் அச்செழுத்துக்களைப் பொறுத்தவரை இன்னும் குறைபாடுடையதே. குடாநாட்டவரும் புலம்பெயர்ந்தோரும் தத்தம் பத்து விநாடிகளை அவ்வாயிலிற் செலுத்தியே வந்தனர். அவ்வுழைப்பினால் வாசிக்கப்பட்டது நியூ யோர்க்கின் பழைய நாளிதழேயன்றி யாழ்ப்பாணத்தின் பழைய நாளிதழன்று. உழைப்பு எங்கும் பரந்ததாகவும், அதன் பயன் ஓரிடத்திற் குவிவதாகவும் அமையும் உற்பத்தி உறவின் புதிய வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

இதைவிட வெளிப்படையான வடிவமும் உண்டு. கப்ச்சாப் படங்களைக் கூலிக்கு ஆள்வைத்து வாசிப்பிக்கும் நிறுவனங்கள் தோன்றின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆயிரம் சோதனைகளுக்கு அத்தொழிலாளர் பெற்ற கூலி அரை டொலர் அளவிற்கு இறங்கியிருந்தது. ஒன்றுக்குப் பத்து விநாடி எனக் கொண்டாலும், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியால வேலைக்கு அரை டொலர். இவ்வுழைப்பாளர் எந்நாட்டவர் என அறியும்பொருட்டு, எண்களைப் பல மொழிகளிற் சொற்களாக எழுதி அவற்றை இலக்கமாகத் தட்டுமாறு கேட்கும் சோதனைகளை அவ்வாய்வாளர் அமைத்தனர். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. ஏழை நாடுகளின் மொழிகள் இவ்வாயிலில் இடம்பெற்றமை, கூலி உழைப்பின் திசையைக் கண்டறியும் கருவியாகவே என்பது குறிப்பிடத்தக்கது.

3. வெளியே நிறுத்தப்படுவோர்

மனிதர் அனைவரும் பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே உடையவர், ஒரே வகையான தெருக்களில் வாழ்பவர் என்னும் எடுகோளின் மீதே இச்சோதனை அமைந்துள்ளது. கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் இயங்கும் இக்குடாநாட்டில் அவ்வெடுகோள் பொருந்தாமையைத் தனியே நிறுவவேண்டியதில்லை. திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் கணினியைக் கையாளும் பார்வையற்ற மாணவர், விண்ணப்பத்தின் முப்பது கட்டங்களையும் தாமே நிரப்பியபின் கடைசிக் கட்டத்திலுள்ள படத்தின் முன் நின்றுவிடுகின்றார். படத்திற்குரிய விளக்கத்தை எழுத்தில் தந்தால் இயந்திரமும் அதனை வாசித்துவிடும். எனவே விளக்கம் தரப்படுவதில்லை. மாற்றாக வழங்கப்படும் ஒலிச் சோதனை பெரும்பாலும் இரைச்சலுடன் கூடிய ஆங்கில உச்சரிப்பாக அமைவது. பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே குன்றியோருக்கு அதுவும் பயனற்றது. உலகளாவிய வலை இணையம் என்னும் தரநிர்ணய அமைப்பு 2005இலேயே கப்ச்சாவின் அணுகவியலாமை பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டுள்ளமை ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

பார்வையுடையோருக்கும் சோதனை ஒருதன்மைத்தானதன்று. தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய், மஞ்சள் நிறப் பாடசாலைப் பேருந்து என்பன அமெரிக்க நகரத்தாருக்குப் பழகிய பொருள்கள். வற்றாத ஆறின்றிக் கிணற்று நீரை நம்பி வாழும் குடாநாட்டவர், சிவப்பு நிற இ.போ.ச. பேருந்திற் பாடசாலை சென்றவர், இவற்றைத் திரைப்படங்களிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் இச்சோதனையிலுமே கற்றுக்கொள்கின்றனர். மனிதராக இருத்தல் என்பது இங்கே அமெரிக்கத் தெருவை அறிந்திருத்தல் எனப் பொருள்படுகின்றது.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. 2014இல் வந்த 'நான் றோபோ அல்லேன்' கட்டமும், 2018இல் வந்த கட்டமற்ற முறையும் பயனரின் விடையைக் காட்டிலும் அவரது நடத்தையையும் இணைய முகவரியின் நற்பெயரையுமே நிறுத்துப் பார்க்கின்றன. கைத்தொலைபேசி வலையமைப்புக்களிற் பெருந்தொகையான பயனர் ஒரே முகவரியைப் பகிர்ந்து வெளிச்செல்கின்றனர். அவருள் ஒருவரது கணினி தீநிரலாற் பீடிக்கப்படின் ஏனையோரும் ஐயத்திற்குள்ளாவர். இலங்கையில் 2018 மார்ச், 2019 ஏப்பிரல், 2022 ஏப்பிரல் ஆகிய காலங்களிற் சமூக ஊடகங்கள் அரசினால் முடக்கப்பட்டபோது பலர் மெய்நிகர் தனியார் வலையமைப்புக்களை நாடினர். அத்தகைய பகிர்வு முகவரிகளிலிருந்து வருவோருக்குச் சோதனைகள் மென்மேலும் பெருகுவது இயல்பு. தடைசெய்யப்பட்டவன் தடையை மீறும் வழியில் மீண்டும் சோதிக்கப்படுகின்றான்.

4. நீட்சிகள் இயங்கும் முறை

உலாவி நீட்சி என்பது உலாவியுடன் இணைந்து, திறக்கப்படும் பக்கத்தை வாசிக்கவும் மாற்றவும் வல்ல சிறு நிரலாகும். கப்ச்சாவைக் கடக்கும் நீட்சிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது வகை, இயந்திரத்தைக் கொண்டே இயந்திரத்திற்கு விடையளிப்பது. 'பஸ்ரர்' என்னும் திறந்த மூல நீட்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பயனர் அதன் பொத்தானை அழுத்தியதும் அது ஒலிச் சோதனையைப் பெற்று, பேச்சுணரிச் சேவையொன்றுக்கு அனுப்பி, திரும்பிவரும் எழுத்தைக் கட்டத்தில் இடுகின்றது. மேரிலான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் இதே நெறியைக் கையாண்டு றீகப்ச்சா ஒலிச் சோதனைகளை 85 வீதத்திற்கு மேற்பட்ட வெற்றியுடன் தீர்த்துக் காட்டினர். சோதனைக் கூடம் தன் வாயிலை இயந்திரங் கண்டு ஐயுற்றுவிட்டால், ஒலிச் சோதனையே மறுக்கப்படுவதும் உண்டு. அந்நிலையில் முதலிற் பாதிக்கப்படுபவர் பார்வையற்றவரே.

இரண்டாவது வகை, மேலே கூறிய கூலி நிறுவனங்களுக்குப் படத்தை அனுப்பி விடை பெறுவது. இங்கே 'தன்னியக்கம்' என விளம்பரப்படுத்தப்படுவதன் பின்னால் ஒரு மனிதரின் கண்ணும் விரலும் மறைந்திருத்தல் கூடும்.

மூன்றாவது வகை, வாயிற் காவலரின் உடன்பாட்டுடன் கடப்பது. ஆய்வாளர் சிலரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தினரும் உருவாக்கி, 2018இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட 'பிறைவசி பாஸ்' இத்தகையது. ஒரு சோதனையிற் சித்தியடைந்தவருக்குப் பல அனுமதிச் சீட்டுக்கள் வழங்கப்படுகின்றன. அடுத்த வாயில்களில் அவர் ஒரு சீட்டைக் கொடுத்துச் செல்லலாம். சீட்டை வழங்கியவர் அதனை மீளக் காணும்போது தாம் வழங்கியதே என அறிவாரன்றி, யாருக்கு வழங்கியது என அறியார். மூடிய உறைக்குள் கடுதாசியும் காபன் தாளும் வைத்து, உறையின்மேற் கையொப்பம் பெறுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். கையொப்பம் உள்ளே பதியும். ஒப்பமிட்டவர் உள்ளிருப்பதைக் காணார். 1980களின் தொடக்கத்தில் டேவிட் சோம் முன்வைத்த குருட்டுக் கையொப்பம் என்னும் கருத்தின் வழிவந்த இம்முறை, 2024இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது.

5. மதிப்பீடு

சோதனையை நீக்கிவிடுதலே தீர்வு எனல் பொருந்தாது. அரிய பயணச் சீட்டுக்களையும் நேர ஒதுக்கீடுகளையும் நிரல்களால் நொடியில் அள்ளி விற்போர் உளர். அவர்களிடமிருந்து பொது வளத்தைக் காத்தல் வேண்டும். ஆயின் கப்ச்சா அக்காவலைச் செய்கின்றதா என்பதே இன்றைய கேள்வி. 2023இல் வெளியான கலிபோர்னியாப் பல்கலைக்கழக (ஏர்வைன்) ஆய்வு, நிரல்கள் மனிதரிலும் விரைவாகவும் திருத்தமாகவும் இச்சோதனைகளைத் தீர்ப்பதைக் காட்டிற்று. 2024இல் சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் றீகப்ச்சாவின் படச் சோதனைகளை 100 வீதம் தீர்த்தனர். கள்வனுக்குத் திறந்தும் வீட்டாருக்குப் பூட்டியும் நிற்கும் கதவாகக் கப்ச்சா மாறி வருகின்றது.

எனவே நீட்சியைப் பயன்படுத்துவது குற்றமா என்னும் வினாவிற்கு, கருவியை மட்டும் நோக்கி விடை கூறவியலாது. பிறர் கணக்கினுட் புகவும் போலிப் பதிவுகளைக் குவிக்கவும் பயன்படுத்துபவர் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் எல்லையை அணுகக்கூடும். தமக்குரிய விண்ணப்பத்தைத் தாமே நிரப்பும்பொருட்டுப் பயன்படுத்தும் பார்வையற்றவர், படிக்கட்டு மட்டுமுள்ள கட்டடத்திற்குத் தமக்கென ஒரு சாய்தளத்தைச் சுமந்து வருபவரை ஒத்தவர்.

ஆயினும் எச்சரிக்கை அவசியம். பக்கங்கள் அனைத்தையும் வாசிக்கும் அனுமதி பெற்ற நீட்சி, கடவுச்சொல்லையும் வங்கி விபரத்தையும் வாசிக்க வல்லது. மூலநிரல் வெளியிடப்படாதவற்றையும், தேவைக்கு மிஞ்சிய அனுமதி கோருபவற்றையும் தவிர்த்தலே நன்று. 2024 முதல் போலிக் கப்ச்சாக்களும் பரவியுள்ளன. குறித்த விசைகளை அழுத்தி, நகலெடுக்கப்பட்ட கட்டளையொன்றைக் கணினியில் ஒட்டி இயக்குமாறு அவை கூறும். அவ்வாறு செய்யின் தகவல் திருடும் நிரல் உட்புகும். உண்மையான சோதனை எதுவும் அவ்வாறு ஒருபோதும் கேட்பதில்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கின்றது; 2016இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை நாடு ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. அச்சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை தகவல் தொடர்பாடற் சேவைகளையும் உள்ளடக்குவது. ஆகவே கடமை முதலில் வாயிலை அமைத்த நிறுவனங்களுடையது. ஒரே முகவரியிலிருந்து வரும் வேண்டுகோள்களின் வேகத்தை மட்டுப்படுத்தல், மனிதருக்குப் புலப்படாததும் நிரல்கள் ஏமாந்து நிரப்புவதுமான மறைகட்டம் ஒன்றை வைத்தல், குறுஞ்செய்தியாற் சரிபார்த்தல் முதலிய எளிய வழிகள் சிறிய நிறுவனங்களுக்கும் எட்டக்கூடியவை. சோதனை தவிர்க்க முடியாததாயின், தொலைபேசி வழியாகவோ நேரிலோ விண்ணப்பிக்கும் மாற்றுவழி அப்பக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் குறிக்கப்படல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களும் பிரதேச செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் இணையப் படிவங்களைத் திரைவாசிப்பான் ஒன்றினால் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிப் பார்க்குமாயின், எவர் எக்கட்டத்தில் நிறுத்தப்படுகின்றார் என்பது அன்றே தெரிந்துவிடும். அதன்பின் நீட்சிகளின் தேவையும் பெருமளவு குறையும்.