சோடா சப்பென்று இருக்கிறதா? வலிப்பு மாத்திரையையும் யோசியுங்கள்

ராஜபாளையம் வெயிலுக்கு ஒரு கோலி சோடா உடைக்கிறார்கள். நுரை பொங்குகிறது, நாக்குக்கு மட்டும் வெறும் தண்ணீராகத் தெரிகிறது. குடிப்பவர் வலிப்புக்கு டோபிரமேட் சாப்பிடுபவரானால், குறை சோடாவில் இல்லாமல் இருக்கலாம். சோடாவின் சுரீர் ருசியை நாக்கு உணர கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி வேண்டும். டோபிரமேட் அதை அடக்கிவிடுகிறது. விரல் நுனி மரத்துப்போவதும், சிலருக்குச் சிறுநீரகக் கல் வருவதும் இதனால்தான். வேர்வையும் குறையலாம், அப்போது உடம்புச் சூடு தணியாது. வயலிலும் மில்லிலும் உழைப்பவர்கள் தண்ணீரை நிறையக் குடிக்க வேண்டும்.

கார்பமாசெபைன் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிடும் ஒருவருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் நாகஸ்வரம் அரைக்கட்டை இறங்கிக் கேட்கலாம். இது அபூர்வம், சுருதி ஞானம் உள்ளவர்களே பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். இம்மருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைவதும் உண்டு. வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினால் சோடியம் அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

லெவெடிராசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும், மனம் சோரவைக்கும். இதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். ஃபெனிட்டாயினால் ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறும். அளவு சற்றுக் கூடினாலும் நடை தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று ஊர் தப்பாக நினைக்கும். வால்ப்ரோயேட்டால் கை நடுங்கலாம், முடி கொட்டிச் சுருட்டையாக முளைக்கலாம். அது கருவையும் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

இவை எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் அது மனப்பிரமையும் இல்லை. பெரும்பாலும் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்துவிடலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.

மருந்து தொடங்கிய முதல் 2 மாதங்களில் தோலில் தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவற்றுக்கு, மாற்றம் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டு, மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். பக்க விளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு, நோயாளியே பேசலாம். சொல்லக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் சொன்னால்தான் டாக்டரால் மாற்றி எழுத முடியும்.