பாரசீகக் கேடயமும் நம் நாட்டு உருக்கும்

லோறென்ஸ்கூக்கில் நாம் வசிக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஓர் ஈரானியக் குடும்பம் உண்டு. இஸ்பஹான் நகரத்தவர், எம்மைப் போலவே நாட்டை விட்டு வந்தவர்கள். சென்ற மாரிக்காலத்தில் ஒருநாள், குடும்பத் தலைவர் பழந்துணியிற் சுற்றிய வட்டமான பொருளொன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். விரித்துப் பார்த்தால் இரும்புக் கேடயம்! 45 சென்ரிமீற்றர் விட்டம், நடுவே நான்கு குமிழ்கள், விளிம்பைச் சுற்றிச் சிறுசிறு கட்டங்களுக்குள் எழுத்துகள். நிலக்கீழ் அறையின் ஈரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததால் மேற்பரப்பு முழுவதும் செந்துரு படிந்திருந்தது.

மகளின் திருமணத்துக்கு முன் அதனைப் பளபளப்பாக்கி வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்பது அவரது விருப்பம். இரும்பு நாரும் மினுக்கும் பசையும் கூட வாங்கி வைத்திருந்தார். முன்னாளில் வரலாறு கற்பித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்தாராம். தொடவேண்டாம் என்றேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

பழைய ஆயுதங்களை அழிப்பதில் துருவுக்கு அடுத்த இடம் மினுக்கும் பசைக்கே என்று கூறலாம். இக்கேடயங்களில் பொன்னெழுத்தை உருக்கி வார்ப்பதில்லை. இரும்பின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற குறுக்குநெடுக்குக் கீறல்களை இட்டு, மெல்லிய பொற்கம்பியை அதன்மேல் வைத்துத் தட்டிப் பதிப்பர். கீறல்களின் சொரசொரப்பே பொன்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அடியில் துரு எழும்பினால் பொன் உரிந்துபோகும். இரும்பு நாரினால் உரைத்தாலோ பொன்னோடு கீறலும் போய்விடும். பொன் உதிர்ந்த பின்னும் எழுத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அக்கீறல்தான்.

ஆகவே அரும்பொருட் பாதுகாப்பில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை தொடங்கியது. சில வாரங்களுக்கு மாலை நேரங்கள் அதிலேயே கழிந்தன. எண்ணெயிட்டுத் துருவை இளகவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மூங்கிற் சீவலாலும் சிறு கத்தியாலும் மணல்மணலாக எடுத்தோம். உறுதியாகப் படிந்த கருந்துருவை அப்படியே விட்டோம். அது இரும்புக்கு ஒருவகைப் போர்வை.

எழுத்தை வாசித்தவர் நண்பர். ஆயினும் தாய்மொழி தெரிந்தால் மட்டும் போதாது என்பது விரைவிலேயே புலப்பட்டது. நஸ்தாலிக் எனப்படும் அச்சரிவெழுத்தில் பல எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது மேலும் கீழும் இடப்படும் புள்ளிகளே. பொன்னில் முதலில் உதிர்வதும் அப்புள்ளிகளே. புள்ளியில்லாத ஓலைச்சுவடியை வாசிக்க உ.வே.சாமிநாதையர் போன்றோர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று நம் பதிப்பாசிரியர்கள் திகைத்ததைப் போலவே, இவரும் ஒரு சொல்லுக்கு மூன்று வாசிப்புகளை எழுதி வைத்துக்கொண்டு திகைத்தார். கட்டங்கள் சிலவற்றில், வெற்றியை வேண்டும் குர்ஆன் வசனம் இருந்தது. ஆயுதங்களிற் பெருவழக்கானதாதலால் அது எளிதிற் பிடிபட்டது. மற்றவை பாரசீகச் செய்யுள்.

சிக்கல் ஆண்டில் வந்தது. கேடயம் சபாவித் அரசர் காலத்தது என்று பாட்டனார் சொல்லக் கேட்டே அக்குடும்பம் வளர்ந்திருக்கிறது. குமிழொன்றின் அருகே நான்கு இலக்கங்கள் தெரிந்தன: 1115. ஹிஜ்ரி 1115 என்றால் கி.பி. 1703-04. சபாவித் ஆட்சியில் இஸ்பஹான் வீழ்ந்தது 1722இல் ஆதலால் பாட்டனார் சொன்னது சரி. நண்பர் மகிழ்ந்துபோனார். ஆனால் பாரசீக இலக்கத்தில் ஒன்று என்பது வெறும் நிமிர்கோடு. இரண்டு என்பது அதே கோட்டின் உச்சியில் ஒரு சிறு கொக்கி. இரண்டாவது இலக்கத்தின் உச்சியில் இன்னமும் துரு இருந்தது. மறுநாள் அது நீங்கியபோது பொன் இல்லை. கொக்கி வடிவிலே கீறல்கள் மட்டும் தெளிவாக இருந்தன. 1215! அதாவது கி.பி. 1800-01, கஜார் வமிசத்து பத்ஹ் அலி ஷாவின் காலம். ஒரு கொக்கியால் நூறு ஆண்டு போயிற்று.

அவர் நெடுநேரம் பேசவில்லை. "பாட்டனார் பொய் சொல்லவில்லை, அவருக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும்" என்றார் பின்னர். அந்த இரும்பு நார் ஒரு நிமிடம் பட்டிருந்தால் 1115 என்பதே நிலைத்திருக்கும்; அவரும் மகிழ்ச்சியோடிருந்திருப்பார் என்ற எண்ணம் எனக்கும் வராமலில்லை.

ஆயுதத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையும் அல்ல. ஷா அப்பாஸ் காலத்து வாட்கொல்லர் என்று புகழப்படும் அஸதுல்லா இஸ்பஹானியின் பெயர், ஒரு மனிதர் தம் வாழ்நாளிற் செய்திருக்கவே முடியாத அளவு வாள்களில், பொருந்தாத காலங்களிற் காணப்படுகிறது. நோர்வேயிலும் இதே கதைதான். வைக்கிங் காலத்து வாள்களில் 'உல்வ்பெர்ட்' என்ற பெயர் இரும்பிழையாற் பதிக்கப்பட்டிருக்கும். வேறெந்த நாட்டையும்விட அவை அதிகமாகக் கண்டெடுக்கப்பட்டது இந்நாட்டிலேதான். எழுத்துப் பிழையோடு பதித்த வாள்கள் பலவற்றின் உலோகம் மட்டமானது என ஆய்வாளர் அலன் வில்லியம்ஸ் காட்டியுள்ளார். பெயரைத் திருடுவது பழைய தொழில்.

எவர் பெயரும் எழுதாத மற்றொரு செய்தியும் கேடயத்திலே இருந்தது. விளிம்பில் துரு நீங்கிய ஓரிடத்தில் மெல்லிய நீரலை போன்ற வரிகள் தெரிந்தன. நண்பர் இதனை 'ஜௌஹர்' என்றார். அமிலத்தால் மேலே வரைந்த போலி வரிகளும் பிற்காலக் கேடயங்களில் உண்டு. ஆனால் இங்கே வரி உலோகத்தினுள்ளேயே ஓடுவதாக மேற்பார்வையாளர் கருதினார். அப்படியாயின் இது மூசையிலிட்டு உருக்கிய, கரிச்சத்து மிகுந்த உருக்கு. நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி சேர்ந்த அக்கட்டியைக் குறைந்த சூட்டில் பொறுமையாகத் தட்டும்போது, கடினமான துகள்கள் வரிசைவரிசையாக அமைந்து இவ்வலைகளைத் தருகின்றன. வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச்சிறு கலப்பே இதற்குக் காரணம் என்று வெர்ஹோவன், பென்ட்ரே ஆகியோர் 1998இல் விளக்கினர்.

இவ்வுருக்கினை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' என்பவற்றோடு தொடர்புடைய சொல். 1795இல் இலண்டன் றோயல் சொசைட்டியில் ஜோர்ஜ் பியர்சன் இதனைப்பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கல் பரடேயும் இதனை ஆராய்ந்தார். கோல்கொண்டா நாட்டு உருக்கு பாரசீகத்துக்குப் போவதை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வணிகர் தவர்னியே எழுதிவைத்தார். தமிழகத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலும், தென்னாற்காட்டு மேல்சிறுவலூரிலும் மூசைத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. இலங்கையும் விலக்கல்ல. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப்பற்றி எழுதிய அல்-கிந்தி, சரண்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். சமனலவெவவில் தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளைக் கில் ஜுலெப் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். அவற்றின் காலம் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை.

ஆயினும் இக்கேடயத்தின் இரும்பு நம் நாட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் மூசையுருக்கு செய்தார்கள். தென் ஈரானின் சாஹக் என்ற இடத்தைப் பழைய பாரசீக நூல்களின் குறிப்புகளைக் கொண்டு தேடிச் சென்ற றாஹில் அலிபூரும் இலண்டன் ஆய்வாளர்களும், அங்கே குரோமியம் கலந்த உருக்குச் செய்யப்பட்டதை 2020இல் வெளியிட்டனர். உலோகத்தைச் சோதனைக்கு உட்படுத்தாமல் ஊர் சொல்ல முடியாது. அதற்காக விளிம்பில் ஒரு துண்டு வெட்ட நண்பர் சம்மதிக்கவுமில்லை. சம்மதித்திருந்தால் நானே தடுத்திருப்பேன்.

நீரலை முழுவதும் தெரிய வேண்டுமானால் அமிலம் தடவவேண்டும். பொன்னெழுத்துக்கு ஆபத்து என்பதால் அதனையும் விட்டோம். மெழுகு பூசப்பட்ட கேடயம் இப்போது, குளியலறைக்கு எதிர்ப்புறச் சுவரில் கறுப்பாகவே தொங்குகிறது. திருமணத்துக்கு வந்தவர்களில் சிலர், ஏன் இன்னும் துலக்கவில்லை என்று கேட்டார்களாம். இரண்டு கட்டங்களின் செய்யுள் இன்னமும் வாசிபடவில்லை. இஸ்பஹானில் இருக்கும் தமக்கையாருக்குப் படம் அனுப்பியிருக்கிறார்.