அஞ்சு காசுக்காக ஒரு துறைமுகமே கொதித்த கதை தெரியுமா?

ஹாங்காங்கா, நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கி வைப்பவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள்! கொடுக்கிற காசு குறையக் குறையக் காட்சி கூடும் ஊர் அது, தெரியுமா?

விமான நிலையத்தில் இறங்கியதுமே அந்த அதிசயம் தொடங்கிவிடும். விரைவு ரயில் சிங் மா பாலத்தின் கீழ்த்தளத்துக்குள் புகுந்து போகிறது. அதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் ஓடும் மாடி பஸ்ஸோ, அதே பாலத்தின் மேல்தளத்தில்! கோபுரத்துக்குக் கோபுரம் 1,377 மீட்டர் நீளும் தொங்குபாலம் அது. மாடியில் முன் சீட்டைப் பிடித்துவிட்டால் கடலும் கப்பலும் கண்ணெதிரே!

அடுத்தது ஸ்டார் ஃபெரி. இந்தப் படகுப் பயணம் ஒன்றுக்காகவே ஹாங்காங் போகலாம் என்பேன். 1888-ல் இந்தப் படகு நிறுவனத்தைத் தொடங்கியவர் நம் பம்பாயிலிருந்து போன பார்சி, டோராப்ஜி நவ்ரோஜி! சமையல்காரராக இருந்து முதலாளி ஆனவர். கௌலூன் கரையிலுள்ள சிம் ஷா சூயியிலிருந்து எதிர்க்கரை சென்ட்ரலுக்குப் பத்தே நிமிடம். கட்டணம் ஒரு டீக்காசுதான். கீழ்த்தளத்தில் இன்னும் மலிவு, தண்ணீரும் இன்னும் பக்கம்! படகு திரும்புவதே இல்லை, தெரியுமா? இரண்டு முனையும் முன்பக்கம்தான். திரும்புகிற வேலை இருக்கையின் முதுகுக்கு! அதை மறுபக்கம் தள்ளிவிட்டு உட்காருகிறார்கள்.

இதே படகில் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 ஆக்கும் பேச்சு 1965-ல் எழுந்தது. 1966-ல் ஓர் இளைஞர் படகுத்துறையிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவரைக் கைது செய்ததும் கௌலூன் வீதிகளில் கலவரம், ஊரடங்கு, பிறகு விசாரணைக் கமிஷன்! ஐந்து காசு ஏழைக்கு எவ்வளவு பெரிது என்று பிரிட்டிஷ் ஆட்சிக்கு உறைக்க வைத்த படகு இது. இன்றும் அது மலிவாக ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

அக்கரையில் இறங்கினால் 1904 முதல் ஓடும் டிராம். அத்தனையும் மாடி வண்டிகள்! மணியோசையை வைத்து ‘டிங் டிங்’ என்றே கூப்பிடுகிறார்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், அதுவும் இறங்கும்போது. மலைச்சரிவு ஏற வேண்டுமா? 1993-ல் திறந்த, 800 மீட்டருக்கும் நீண்ட நகரும் படிக்கட்டுத் தொடர் இருக்கிறது. முழுக்க இலவசம்! காலை 10 மணிவரை வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கீழே இறங்கும். அப்புறம் நள்ளிரவுவரை மேலே ஏறும்.

தங்குவதற்குக் கௌலூன் பக்கம் நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-ல் எழும்பிய 17 மாடிக் கட்டடம். உள்ளே மலிவு விடுதிகள் அடுக்கடுக்காக! அறை சின்னது, மிகமிகச் சின்னது. ஆனால் கீழே இறங்கினால் பிரியாணி, சப்பாத்தி, ஆப்பிரிக்க வியாபாரிகளின் பேரம் என்று பாதி உலகம் காத்திருக்கும். இயக்குநர் வோங் கார்-வாயின் ‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தின் பெயரில் ‘சுங்கிங்’ எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இங்கிருந்துதான்! நம்மவர்களும் உண்டு: ரத்தின வியாபாரத்துக்கு வந்த காயல்பட்டினத்துக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

  

இரவு 8 மணிக்கு வானளாவிய கட்டடங்கள் ஒளிக்காட்சி நடத்தும். கரையில் நின்று பார்த்தால் இலவசம். நான் சொல்வது, அந்த நேரத்துக்குச் சற்று முன்பு படகேறிவிடுங்கள். நடுத்துறைமுகத்தில் இரண்டு கரையும் சேர்ந்து மின்னும், அதே டீக்காசில்!