உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து லாயம் திரும்பிய குதிரை

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கடற்கரையைப் பார்த்துப் போன மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், வருட முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்பதையும் எழுதி வைத்தார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் பராமரிக்கவும் தெரிந்த ஆள் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். அப்படிப்பட்ட ஆட்களை வியாபாரிகள் கப்பலேற விடுவதே இல்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! சோற்றோடு இறைச்சியை வேகவைத்துத் தீனியாகப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். காரணம் நம்பும்படிதான் இருக்கிறது.

*

இன்று தஞ்சை மாவட்டத்திலேயே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கோட்டை சாலையில், ஒரத்தநாட்டில், 2012இல் தொடங்கியது. அதே ஊரில்தான் 1802இல் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரமும் நிற்கிறது. மராட்டியர் காலச் சத்திரங்களில் வழிப்போக்கர் யாராவது நோயில் விழுந்தால், குணமாகும்வரை சாப்பாடும் மருந்தும் கொடுத்து வைத்திருந்துதான் அனுப்புவார்கள். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆபத்து நீங்கியதும் டிஸ்சார்ஜ் செய்துவிடுவார்கள். குணமாவதில் பெரும்பகுதி நம் கொட்டகையில்தான் நடக்க வேண்டும்.

*

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது மருந்துச் சீட்டோடு கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்று உண்டு: அன்று காலை குதிரைக்கு இருந்த உடல் வெப்ப அளவு, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை. வீட்டில் நீங்கள் எடுக்கப்போகும் எல்லா அளவுகளையும் இந்த மூன்றோடுதான் ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் சராசரி எல்லாக் குதிரைக்கும் பொது. உங்கள் குதிரையின் சராசரி உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

நோட்டு போடுவது தஞ்சாவூருக்குப் புதிதும் அல்ல. சரபோஜி காலத்தில் கண் நோயாளிகளுக்கு எழுதிய சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. பாண்டவரில் ஒருவரான நகுலன் பெயரால் வழங்கும் குதிரை நூலான அசுவ சாஸ்திரச் சுவடியும் அங்கேதான்.

*

குதிரையின் உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம். நமக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளும் அளவு அதற்கு நலம். தெர்மாமீட்டரை ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். நேர் பின்னால் நிற்காமல், இடுப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் நின்று வையுங்கள். தெர்மாமீட்டரின் முனையில் ஒரு நூலைக் கட்டி, மறுநுனியில் துணிக் கிளிப் போட்டு வாலில் மாட்டிவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். கருவி உள்ளே போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. சித்திரை வெயிலில் மதியம் எடுத்த அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். வெயில் ஏறுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தினமும் அதே நேரத்தில் எடுத்தால் போதும்.

*

ஒருநாள் காய்ச்சல், மறுநாள் இல்லை, நான்கு நாள் கழித்துத் திரும்பக் காய்ச்சல். இதை ‘ஆஸ்பத்திரிக் களைப்பு’ என்று விட்டுவிடக் கூடாது. சர்ரா என்ற நோயில் காய்ச்சல் இப்படித்தான் விட்டுவிட்டு வரும். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் நோய் இது. தண்ணீரும் சேறும் மாடும் நிறைந்த ஊர்களில் அந்த ஈக்களுக்குப் பஞ்சமில்லை. இதன் கிருமியை 1880இல் கண்டுபிடித்தவர் கிரிஃபித் எவன்ஸ். பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், குதிரை ஒட்டகங்களின் ரத்தத்தில் பார்த்தார். டிரிப்பனோசோம் இனக் கிருமி நோயை உண்டாக்கும் என்பது உலகுக்குத் தெரியவந்ததே அப்போதுதான். நோட்டு இல்லாதவர் கண்ணில் இந்தக் காய்ச்சல் படவே படாது.

*

ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவைதான் துடிக்கும். தாடை எலும்பின் உள்விளிம்பில் பென்சில் தடிமனில் ஓடும் ரத்தக்குழாயை விரலால் மெல்ல அழுத்தினால் நாடி கிடைக்கும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்கலாம். ‘லப் டப்’ இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு துடிப்பு. தனித்தனியே எண்ணி இரட்டிப்பாகச் சொல்லி டாக்டரை நடுராத்திரியில் ஓடி வரவைத்தவர்கள் உண்டு. அசையாமல் நிற்கும் குதிரைக்கு 60ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் கடுமையான வலி. காத்திருக்கக் கூடாது.

மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. விலாவின் ஏற்ற இறக்கத்தைத் தள்ளி நின்றே எண்ணலாம்.

*

மேல் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். செங்கல் சிவப்பு, ஊதா, வெளுப்பு எதுவானாலும் போனை எடுங்கள்.

*

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது முன்னோக்கித்தான் போயாக வேண்டும். அதனால்தான் வயிற்று வலிக்காகச் சிகிச்சை பெற்று வந்த குதிரையின் லத்தியை எண்ணுவது அருவருப்பான வேலை அல்ல, முதல் வேலை. ஒரு நாளைக்கு சுமார் 8 முதல் 12 தடவை போடும். எண்ணிக்கை குறைந்தால், உருண்டை சின்னதாகி வறண்டு போனால், மேலே சளிபோல் படிந்திருந்தால் குடல் மெதுவாகிவிட்டது என்று பொருள். தண்ணீராகப் போனாலும் ஆபத்துதான். ஆன்டிபயாடிக் மருந்துக்குப் பிறகு வரும் கழிச்சல் குதிரையை ஓரிரு நாளில் வீழ்த்திவிடும். கூடவே காதை விலாவில் வைத்துக் கேளுங்கள். வயிறு கடமுடா என்றால் நிம்மதி. நிசப்தம் கெட்ட சேதி.

தானியங்கித் தொட்டி இருந்தால் சில நாளுக்கு மூடிவிட்டு வாளியில் தண்ணீர் வையுங்கள். ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்க வேண்டியது, வெயிலில் இன்னும் கூடும். தொட்டியில் குடித்த கணக்கு யாருக்கும் தெரியாது.

*

டெல்டாவில் தீனிதான் பெரிய சிக்கல். ஊர் முழுக்கக் கிடைப்பது வைக்கோலும் தவிடும். மாட்டுக்கு நான்கு அறை இரைப்பையும் அசைபோடும் வழக்கமும் இருக்கின்றன. வைக்கோலில் உள்ள சிலிக்காவையும் நாரையும் சமாளித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. வயிற்று ஆபரேஷன் ஆன குதிரைக்கு வைக்கோலை மட்டும் போட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். டாக்டர் அனுமதித்ததும் அருகம்புல், ஈரமான பசும்புல், கைப்பிடி கைப்பிடியாக, நாளைக்குப் பல தடவை. கொள்ளு அப்புறம்.

குறுவை அறுப்பு பெரும்பாலும் மழையோடு மல்லுக்கட்டும். அந்த வைக்கோல் போரின் நடுவில் கைவிட்டுப் பாருங்கள்: சூடும் புழுக்க வாசனையும் இருந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது, குதிரையின் நுரையீரலுக்கு விஷம். தை, மாசியில் காய்ந்து வரும் சம்பா வைக்கோலை எடுத்து வைத்திருப்பவர் புத்திசாலி.

தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு மேல். ‘உடம்பு தேறட்டும்’ என்று மாதக்கணக்கில் தவிடு ஊட்டினால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். மூக்கின் இருபுறமும் முகம் வீங்கும். ஐரோப்பாவில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு வந்த பழைய நோய் இது.

கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம். அதில் கலக்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பு, குதிரையின் இதயத்துக்கு எமன்.

*

அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோவுக்கு, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. நியூ போல்டன் ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டவைத்துவிட்டார்கள். ஆனால் 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. பாரத்தைத் தாங்கி நின்ற மற்றக் கால்களின் குளம்பு உள்ளுக்குள் அழற்சி கண்டு விட்டுப்போனதே காரணம். ஆகவே கட்டுப் போட்ட காலை மட்டும் பார்க்காதீர்கள். கட்டு இல்லாத காலின் குளம்பு சுடுகிறதா, குளம்புக்குச் சற்று மேலே நாடி திம்மென்று அடிக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள். கடும் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் பிறகும் இந்த நோய் வரும்.

*

டிரிப் ஏற்றிய கழுத்து ரத்தக்குழாய் ஊசி எடுத்துச் சில நாள் கழித்தும் கயிறுபோல் தடித்து வீங்கலாம். ஒருமுறை தடவிப் பாருங்கள்.

*

வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான்களோடு, ஆளில்லாமல் காட்டுக் குதிரைகளாகிப்போன மட்டக்குதிரைகளும் திரிகின்றன. சமவெளியில் இரையாகும் விலங்கு வலியைக் காட்டிக்கொள்ளாது. நம் லாயத்துக் குதிரைக்கும் அதே பிறவிக்குணம். ஆனால் முகம் மறைக்காது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, காயடித்த குதிரைகளின் முகத்தைக் கவனித்து வலிக்கு ஆறு அடையாளங்கள் வகுத்தது: பின்னோக்கி விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே இறுக்கம், புடைத்த தாடைத்தசை, இறுகிய வாய், விரிந்து விறைத்த மூக்கு. உங்களைக் கண்டதும் குதிரை எழுந்து ஒழுங்காக நின்றுவிடும். கொட்டகைக்கு வெளியே நின்று ஒளிந்து பாருங்கள். போனில் வீடியோ எடுத்தால் டாக்டருக்கும் உதவும்.

*

நின்றபடியே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான். பக்கவாட்டில் மண்ணோ வைக்கோலோ ஒட்டியிருந்தால் இரவு படுத்திருக்கிறது. நாட்கணக்கில் ஒட்டவில்லை என்றால் எழுந்திருக்க முடியாதோ என்று பயந்து படுக்காமல் நிற்கிறது.

*

வலி மருந்தை நாமே கூட்டிக் கொடுப்பது மோசமான அன்பு. நாடி இறங்கும், முகம் தெளியும், குடல் உள்ளே முறுக்கிக்கொண்டே இருக்கும். ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் போனில் பேசும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தமிழகத்தில் கால்நடை அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 1962.

*

மறக்கப்படுவது டெட்டனஸ். வீட்டு விலங்குகளில் அதற்கு மிக எளிதில் ஆட்படுவது குதிரைதான். அறுவைக்காயமோ லாட ஆணிக் காயமோ இருந்தால் தடுப்பூசி போட்ட தேதி நோட்டில் இருக்கட்டும். வேறு தொற்று பரவாதிருக்க, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குதிரையை இரண்டு வாரமாவது மற்றக் குதிரைகளோடு சேர்க்காமல், தனி வாளி, தனித் தீனித்தொட்டி வைப்பதும் நல்லது.

*

தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து எல்கைப் பந்தயங்களில் மாட்டு வண்டியோடு பெரிய குதிரை, நடுக்குதிரை என்று குதிரை வண்டிகளும் ஓடுவதுண்டு. ஐப்பசியில் வயிற்று ஆபரேஷன் ஆன குதிரையைப் பொங்கல் பந்தயத்தில் பூட்டக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. தோல் தையல் இரண்டு வாரத்தில் பிரிக்கப்படும், காயம் ஆறிவிட்டதுபோல் தெரியும். அடியில் இருக்கும் வயிற்றுச் சுவரின் நடுநார் உறுதி பெற இரண்டு மூன்று மாதம் ஆகும். வழக்கமான கணக்கு இது: முதல் 30 நாள் கொட்டகை, கயிற்றில் பிடித்து நடை மட்டும்; அடுத்த 30 நாள் சின்ன அடைப்பு; அதற்கடுத்த 30 நாள் திறந்த வெளி. அதன் பிறகுதான், அதுவும் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டால், பயிற்சியே தொடங்கும். ஐப்பசிக் குதிரைக்கு மாசிப் பந்தயமே சீக்கிரம்.